மலைப்பாதைக்கு டீசலா, பெட்ரோலா?

ஜீப் வாங்கப் போகிறேன் என்று சொன்னாலே, "மலையேற டீசல்தான் எடுக்கணும்" என்பார்கள். ஒரு காலத்தில் அது சரி. இன்று கொஞ்சம் யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

பாறையில் சக்கரம் ஊர்ந்து ஏறும்போது வேகம் நடை வேகம்தான். எஞ்சின் நிமிடத்துக்கு 1,500 சுற்றிலேயே முக்காமல் இழுக்க வேண்டும். அந்த இழுவைதான் டார்க். டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) இல்லாத பெட்ரோல் எஞ்சினுக்கு அது கீழ்ச் சுற்றில் முழுதாக வராது. மாருதி ஜிம்னியின் 1.5 லிட்டர் எஞ்சின் தரும் 134 நியூட்டன் மீட்டரை முழுதாகப் பெற 4,000 சுற்று வரை முறுக்க வேண்டும். வண்டி 1.2 டன்தான், வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டும் லோ கியரும் உண்டு, அதனால் சமாளித்துவிடுகிறது.

பெட்ரோலுக்கும் டர்போ வந்ததும் கணக்கு மாறியது. 2020-ல் வந்த மஹிந்திரா தாரைப் பாருங்கள். 2.2 லிட்டர் டீசல், 1,600 முதல் 2,800 சுற்றுக்குள் 300 நியூட்டன் மீட்டர் தருகிறது. மேனுவல் கியர் உள்ள 2 லிட்டர் டர்போ பெட்ரோலும் அதே 300-ஐ 1,250 சுற்றிலிருந்தே தருகிறது. ஏறும் திறனில் டீசலுக்கு இருந்த பெரிய மேன்மை இங்கே போய்விட்டது. ஆற்றைக் கடப்பதிலும் அப்படித்தான்: காற்று உறிஞ்சும் குழாயில் தண்ணீர் புகுந்தால் இரண்டு எஞ்சினுமே கெடும்.

டீசல் இன்னும் வெல்வது தூரத்தில். லிட்டருக்கு லிட்டர் அதில் ஆற்றல் பத்து சதவீதத்துக்கு மேல் அதிகம். எஞ்சினும் அதைப் பெட்ரோல் எஞ்சினைவிடக் குறைவாகவே வீணாக்கும். மணாலியிலிருந்து லே போகும் வழியில், தாண்டி என்ற ஊரின் பெட்ரோல் பங்கில் 'அடுத்த பங்க் 365 கி.மீ.' என்ற பலகை பிரபலம். அந்த மாதிரிப் பாதையில், பாரமும் ஏற்றியிருந்தால், டீசல் டாங்க் தரும் தெம்பே தனி. ஆனால் லே இருக்கும் லடாக்கின் குளிர்காலத்தில் சாதாரண டீசல் மெழுகாக உறைந்துவிடும். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் அங்கே விற்கத் தொடங்கியதே 2019-ல்தான்.

விற்பனையாளர் பெரும்பாலும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. பிஎஸ்-6 மாசு விதிப்படி வரும் டீசல் வண்டிகளின் புகைக்குழாயில் கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க அது நன்றாகச் சூடாக வேண்டும். அதற்கு நெடுஞ்சாலையில் கொஞ்ச நேரம் நிறுத்தாமல் ஓட்ட வேண்டும். தினமும் பள்ளிக்கூடம், கடைத்தெரு, ஞாயிற்றுக்கிழமை காட்டுக்குள் ஊர்வது என்றே ஓட்டினால் அந்தச் சூடு ஏறாது. வடிகட்டி அடைத்து எச்சரிக்கை விளக்கு எரியும், எஞ்சின் சக்தி குறையும், ஒர்க்‌ஷாப் செலவும் சிறியதாக இருக்காது.

ஆகவே மாதம் ஆயிரம், இரண்டாயிரம் கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் ஓட்டுபவர், பாரத்தோடு நெடுந்தூரம் போகிறவர் டீசல் எடுக்கலாம். ஊருக்குள் ஓட்டி, எப்போதாவது மலையேறுகிறவருக்கு டர்போ பெட்ரோலே போதும். டெல்லி வட்டாரத்தில் இருப்பவர்கள், டீசல் வண்டிக்கு 10 ஆண்டு, பெட்ரோலுக்கு 15 ஆண்டு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த வரம்பு இப்போது எந்த அளவுக்கு நடைமுறையில் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எதை எடுத்தாலும், லோ கியர் இல்லாத வண்டியை மலைப்பாதைக்கென்று வாங்காதீர்கள்.