பட்டறையைத் தேடிப் போக வேண்டிய படிப்பு

நம் ஊர்ச் சாலைகளில் ஓடுகின்ற வாகனங்களில் பெரும்பகுதி, உத்தரவாதக் காலம் முடிந்ததும் கம்பெனியின் சர்வீஸ் நிலையத்தை விட்டு விலகி, தகரக் கொட்டகையிலோ மரத்தடியிலோ நடக்கிற ஒரு பட்டறையை வந்தடைகிறது என்பது யாவரும் அறிந்த விஷயம். அப்பட்டறைகளை நடத்துகிறவர்களில் அநேகர், பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தி, எடுபிடிப் பையனாகச் சேர்ந்து, ஸ்பானர் எடுத்துக் கொடுத்தும் கிரீஸ் துடைத்தும், மூத்த மெக்கானிக் ஒருவரை அண்ணன் என்று பின்பற்றியும், பார்த்துப் பார்த்தே வித்தையைக் கைவசமாக்கிக் கொண்டவர்கள். எஞ்சின் ஓடும் சப்தத்திலிருந்தே டாப்பெட் தளர்ந்திருப்பதைச் சொல்வதும், பிளக்கைக் கழற்றி அதன் நுனியில் படிந்த கரியைக் கண்டே பெட்ரோல் மிகுதியாகப் போவதை ஊகிப்பதும் பல்லாண்டு அப்பியாசத்தின் பலன். அதை அற்பமென்று கருதுவது பெரும் பிழை.

ஆயினும், 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.-6 மாசு விதி நாடெங்கும் அமலுக்கு வந்ததும், பெரும்பாலான புது இருசக்கர வாகனங்களில் கார்புரேட்டரின் ஸ்தானத்தில் இன்ஜெக்டரும், எந்தக் கணத்தில் எவ்வளவு பெட்ரோல் தெளிக்கலாம் என்று அதற்குக் கட்டளையிடுகிற இ.சி.யூ. என்னும் மின்னணுப் பெட்டியும் வந்து சேர்ந்தன. சென்சார் ஒன்று கெட்டால் காது அதைக் கண்டுகொள்ளாது. ஸ்கேனரைப் பொருத்தி, அது காட்டுகிற குறியீட்டின் பொருளை அறிந்தவருக்கே கோளாறு பிடிபடும்.

மின்சாரக் காரிலோ, விஷயம் ஜீவனத்தைத் தாண்டி உயிரையே தொடுகிறது. அதன் பாட்டரி சாதாரணமாக முந்நூறு, நானூறு வோல்ட் நேர்மின்சாரத்தைத் தாங்கி நிற்பது. ஆரஞ்சு நிற உறையிட்ட கேபிளைத் தொடுமுன் சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கி, கெப்பாசிட்டரில் தங்கிய மின்சாரம் வடியச் சில நிமிஷம் காத்திருந்து, ரப்பர்க் கையுறை அணிந்து, மீட்டரால் அளந்து உறுதி செய்த பின்னரே கைவைக்க வேண்டும் என்னும் ஒழுங்கை அறியாதவர், எத்தனை சாமர்த்தியசாலியாயினும், அந்த வண்டியின் முன் அபாயத்திலேயே நிற்கிறார்.

இதற்கான பயிற்சி இல்லையென்று சொல்வதற்கில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் மோட்டார் மெக்கானிக் தொழிற்பிரிவை இரண்டாண்டு கற்கலாம். தமிழ்நாட்டு அரசு 71 அரசு நிலையங்களை டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்துடன் சேர்ந்து புதுப்பிக்க முற்பட்டதும் பாராட்டத்தக்கதே. ஆனால் இவ்வாயில்கள் பள்ளியை விட்டு வரும் இளைஞரை நோக்கித் திறந்திருக்கின்றனவேயன்றி, நாற்பது வயதைக் கடந்து, ஒரு நாள் கடையைப் பூட்டினால் அன்றைய வருமானத்தை இழக்கிற மெக்கானிக்கை நோக்கி அல்ல. இருக்கிற தொழிலாளியை விட்டுவிட்டு வரப்போகிற தொழிலாளியை மட்டும் தயார் செய்வது பாதி வேலையே.

1920இல் ஒரே ஒரு பஸ்ஸுடன் தொழிலைத் தொடங்கிய ஜி. டி. நாயுடு, கல்லூரிப் பட்டமின்றியே யந்திர வித்தையில் தேர்ந்தவர். 1945இல் கோவையில் தொழில்நுட்பக் கல்விக்கூடம் தோன்றக் காரணமாயிருந்த அவர், பொறியியலைச் செய்முறையோடு சேர்த்துக் குறுகிய காலத்தில் போதிக்கலாம் என்று விடாது வாதித்தார். முழுநேரப் படிப்புக்கு அவகாசமில்லாத பட்டறைக்காரர் விஷயத்தில் அவர் கருத்தே சரியானதென்பது என் துணிபு. மாலை வேளையிலும் வார விடுமுறையிலும், தமிழிலேயே, ஸ்கேனரும் பழைய மின்வண்டி ஒன்றும் ஏற்றிய வாகனத்துடன் ஆசிரியர் பட்டறைகள் நெருங்கிய தெருக்களுக்கே செல்ல வேண்டும். எழுத்துத் தேர்வைவிடக் கைவேலையைப் பார்த்துச் சான்றிதழ் வழங்க வேண்டும்.

பயிற்சி பெற்றும், கருவியும் தகவலும் கிட்டாவிடில் பயனில்லை. வெளிப் பட்டறைகளுக்கு உதிரி பாகங்களும் பரிசோதனைக் கருவிகளும் தாராளமாகக் கிடைக்கவொட்டாமல் தடுத்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2,500 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. ஆகவே, தொழிற்பயிற்சித் துறை தெருவோரப் பட்டறைக்காரரையும் தன் மாணவராக ஏற்கவும், வாகன நிறுவனங்கள் தங்கள் பழுதுநீக்கும் கையேடுகளைத் தமிழில் அச்சிட்டு அவர்கள் கைக்குக் கொடுக்கவும் முன்வர வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.