சுள்ளென்று ஒரு ஷாக்: எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது?

ஏசி ஓடும் ஆபீஸில் பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து எழுந்து கதவுக் கைப்பிடியைத் தொட்டால் விரல் நுனியில் சுள்ளென்று அடிக்கிறது. காரைவிட்டு இறங்கிக் கதவைச் சாத்தும்போதும் அப்படித்தான். பாலியெஸ்டர் துணி இருக்கையில் உரச உரச உடம்பில் நிலைமின்சாரம் சேர்கிறது. காற்றில் ஈரம் இருந்தால் தானாகக் கசிந்துவிடும். வறண்ட ஏசி அறையில் அதற்கு வழியில்லை. இரும்பைக் கண்டதும் பாய்கிறது. நமக்கு உறைக்கவே ஏறக்குறைய 3,000 வோல்ட் சேர வேண்டும். எண்ணைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கண் இமைப்பதற்குள் தீர்ந்துவிடும் சொற்ப மின்சாரம்தான்.

பருத்தி உடுத்துங்கள். காரின் உலோகச் சட்டத்தைப் பிடித்தபடியே காலைத் தரையில் ஊன்றுங்கள். கைப்பிடியை முதலில் சாவியால் தொட்டால், பொறி விரலை விட்டுவிட்டுச் சாவியில் போய்விடும். இதற்கு மேல் மெனக்கெடத் தேவையில்லை.

கிரைண்டரைத் தொட்டால் அடிப்பது வேறு கதை. நிலைமின்சாரம் ஒரே ஒரு அடியோடு ஓய்ந்துவிடும். கை வைத்திருக்கும் வரை விர்ரென்று இழுத்தால், அது கரன்ட் கசிவு. “செருப்பைப் போட்டுக்கிட்டு மாவு ஆட்டும்மா, ஒண்ணும் ஆகாது” என்று சொல்லிச் சொல்லியே அந்தக் கோளாறோடு வருடக்கணக்கில் ஓட்டும் வீடுகள் உண்டு. செருப்பு கசிவை நிறுத்துவதில்லை. ஈரத் தரையில் யாராவது வெறுங்காலோடு வந்து தொடும் நாள்வரை தள்ளிப்போடுகிறது, அவ்வளவுதான். மறுபடி தொட்டுப் பார்க்காதீர்கள். மெயினை அணைத்துவிட்டுப் பிளக்கைக் கழற்றுங்கள். பெரும்பாலும் எர்த் ஒயர் அறுந்திருக்கும், அல்லது மூன்று பின் பிளக்கை இரண்டு பின் பாயின்ட்டில் எப்படியோ செருகியிருப்பார்கள்.

நிலைமின்சாரமும் ஓர் இடத்தில் ஆளைக் கொல்லும்: எரியும் பொருளுக்குப் பக்கத்தில். பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ள கால் மில்லிஜூல் பொறி போதும். நம் விரலில் லேசாக உறைக்கும் பொறியிலேயே அதைவிட அதிகம் இருக்கிறது. டேங்கர் லாரி வந்து நின்றதும் முதலில் எர்த் கம்பியை மாட்டுவது இதனால்தான். பெட்ரோல் பங்கில் செல்போன் தடைப் பலகைக்குக் கிடைக்கும் மரியாதையில் பாதி இந்த ஆபத்துக்குக் கிடைப்பதில்லை. கேனில் பிடிக்க வேண்டியிருந்தால், அதற்கென்று அனுமதிக்கப்பட்ட கேனைத் தரையில் வைத்துத்தான் பிடிக்க வேண்டும். வண்டிமேல் வைத்தபடி அல்ல. தண்ணீர் பாட்டிலில் கேட்காதீர்கள். நாசிலில் தீ பிடித்தால் அதை உருவாமல் விலகி ஓடி, ஊழியரிடம் சொல்லி பம்பை நிறுத்தச் செய்யுங்கள்.

சிவகாசியில் பட்டாசு மருந்து அறைக்குள் போகுமுன் வாசலில் உள்ள செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகச் சொல்வதும், பருத்தி உடையை வலியுறுத்துவதும் சடங்குக்காக அல்ல. பட்டாசு ஆலையில் தகடு இல்லை என்றாலோ, இருந்தும் எர்த் இணைப்பு அறுந்து கிடந்தாலோ, தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தில் புகார் செய்யலாம். பாதுகாப்பான வேலையிடம் முதலாளி காட்டும் கருணை அல்ல, சட்டப்படி அவருடைய கடமை. விபத்து நடந்துவிட்டால் இழப்பீட்டுக்கும் சட்டத்தில் வழி இருக்கிறது.

புதிதாக வாங்கிய மெஷின் ஷாக் அடித்தால் பில்லோடு கடைக்காரரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். அவர் தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமே கிடையாது. தெருக் கம்பத்தில் கசிவு என்றால் மின்வாரியத்தின் மின்னகம், 94987 94987.

வாடகை வீடானாலும் சொந்த வீடானாலும், மெயின் போர்டில் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரன்ட் கசிந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சாதனம்) இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதிலுள்ள டெஸ்ட் பட்டனை இன்றே ஒருமுறை அழுத்துங்கள். சட்டென்று டிரிப் ஆகவில்லை என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.