எவர்சில்வரின் தோல்

ராத்திரி கழுவி ஈரத்தோடு சாய்த்து வைத்த இரும்புத் தோசைக்கல்லைக் காலையில் பாருங்கள். விளிம்பில் செம்பழுப்புப் புள்ளிகள் பூத்திருக்கும். தடவினால் விரலில் பொடி ஒட்டும். அதே ஈரத்தில் பக்கத்தில் கிடந்த எவர்சில்வர் டம்ளர் பளபளவென்று இருக்கும். இத்தனைக்கும் அந்த டம்ளரிலும் பெரும்பகுதி இரும்புதான்.

ஆக்சிஜனோடு சேராத உலோகம்தான் துருப்பிடிக்காது என்று பலரும் நினைக்கிறோம். தங்கத்துக்கு அது சரி. ஆக்சிஜனோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை; அதனால்தான் ஆற்று மணலிலும் தங்கமாகவே கிடைக்கிறது. அலுமினியமோ நேர்மாறு. இரும்பைவிட ஆக்சிஜன் மேல் அதற்குத்தான் ஆசை அதிகம். தண்டவாளம் பற்றவைக்கும் இடத்தில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். இரும்பு ஆக்சைடோடு அலுமினியப் பொடியைக் கலந்து கொளுத்துவார்கள். இரும்பிடமிருந்து ஆக்சிஜனை அலுமினியம் பிடுங்கிக்கொள்ளும். வெப்பநிலை 2000 டிகிரி செல்சியஸைத் தாண்டும். உருகிய இரும்பு தண்டவாள இடைவெளியில் இறங்கி இறுகும்.

அப்படிப்பட்ட அலுமினியம் சமையலறையில் சாதுவாக இருப்பதற்குக் காரணம், காற்று பட்டவுடனே அதன் மேல் படியும் ஆக்சைடு படலம். கனம் சில நானோமீட்டர்தான். ஆனால் இடுக்கில்லாமல் இறுகப் பற்றிக்கொள்வதால், அடியில் இருக்கும் உலோகத்தை ஆக்சிஜனால் நெருங்க முடியாது. இரும்பின் துருவுக்கு அந்தப் பிடிப்பு கிடையாது. தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்டுப் புடைக்கும், பொலபொலவென்று உதிரும். நீரும் காற்றும் அடுத்த அடுக்குக்குள் நுழையும். பழைய வீடுகளில் கூரைப் பூச்சு பெயர்ந்து கம்பி பல்லிளிப்பது இந்தப் புடைப்பால்தான்.

1913இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரில், துப்பாக்கிக் குழல் தேயாமலிருக்க வழி தேடிய ஹாரி பிரேர்லி, உருக்கில் சுமார் 12.8 சதவீதம் குரோமியம் சேர்த்தார். அதை அமிலம் அரிக்கத் திணறியது. இப்படிக் குரோமியம் கலந்த உருக்குதான் எவர்சில்வர். குரோமியமும் அலுமினியம் போலவே தனக்கொரு தோல் போர்த்திக்கொள்ளும். கீறல் விழுந்தாலும், காற்று பட்டதும் அங்கே புதுத் தோல் வளர்ந்துவிடும். தினமும் நார் போட்டுத் தேய்த்தும் டம்ளர் தாக்குப்பிடிப்பது அதனால்தான்.

அந்தத் தோலுக்கும் ஒரு பகை உண்டு: உப்பு. ஈரம் கோத்த உப்பிலுள்ள குளோரைடு, படலம் மெலிந்த இடத்தைத் துளைத்து ஊசி குத்தியது போலக் குழி பறிக்கும். குழிக்குள் தோல் மறுபடி வளர்வது கடினம். பாட்டிமார் உப்பை மரவையிலும் பீங்கான் ஜாடியிலும் வைத்தது நல்ல பழக்கம். உங்கள் வீட்டு உப்பு எவர்சில்வர் டப்பாவில் இருந்தால், இன்றைக்கே ஜாடிக்கு மாற்றிவிடுங்கள்.