ஜின்: மணம் சேரும் நேரம்

ஜின் புட்டிகளை வரிசையாக நிறுத்தினால் கண்ணுக்கு வேறுபடுவது புட்டிகள் மட்டும்தான். டாங்கரேக்குப் பச்சை, பாம்பே சஃபையருக்கு வெளிர்நீலம், ஹென்ட்ரிக்ஸுக்குப் பழங்கால மருந்துக் குப்பியின் கருமை. உள்ளே இருப்பது ஏறக்குறைய எல்லாவற்றிலும் தண்ணீர்போல் நிறமற்ற திரவம். ஆனால் மூடியைத் திறந்து முகர்ந்தால் ஒன்றில் பைன் மரப் பிசின், இன்னொன்றில் ஆரஞ்சுத் தோல், மற்றொன்றில் அப்போதுதான் நறுக்கிய வெள்ளரி. இந்த வேறுபாட்டுக்கு நிறுவனங்கள் பெரும்பாலும் எண்ணிக்கையைக் காரணமாகச் சொல்லும்: எங்கள் ஜின்னில் பத்து மூலிகை, எங்களுடையதில் நாற்பத்தேழு. எண்ணிக்கை விளம்பரத்துக்கு உதவும். ஜின்னின் குணத்தைத் தீர்மானிப்பதில் அதைவிடப் பெரிய பங்கு, அந்த மணங்கள் எந்தக் கட்டத்தில், எந்த வழியாகச் சாராயத்துக்குள் போகின்றன என்பதற்குத்தான்.

தொடக்கம் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றே. கோதுமை, பார்லி, மக்காச்சோளம் போன்ற தானியத்தைப் புளிக்கவைத்து, திரும்பத் திரும்பக் காய்ச்சி வடித்து, மணமும் சுவையும் இல்லாத எரிசாராயமாக்குகிறார்கள். இதில் தண்ணீர் சேர்த்து இறக்கினால் ஓட்கா. ஜின் என்று பெயர் சூட்ட வேண்டுமானால் ஐரோப்பிய ஒன்றிய விதிப்படி அதில் ஜூனிப்பர் மணம் மேலோங்கி நிற்க வேண்டும், ஆல்கஹால் 37.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது.

ஜூனிப்பரைப் பழம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். தாவரவியல்படி அது பழமே அல்ல. பைன் மரத்தின் உறவினமான ஒரு புதரில் காய்க்கும் கூம்பு அது. பைன் கூம்பில் செதில்கள் கட்டைபோல் விறைத்து விரியும். ஜூனிப்பரில் அவை சதைப்பற்றாகி, ஒன்றோடொன்று ஒட்டி, மிளகைவிடச் சற்றுப் பெரிய கருநீல உருண்டையாகிவிடுகின்றன. முற்றிப் பழுக்க இரண்டு, மூன்று ஆண்டுகள் பிடிக்கும். அதனால் ஒரே கிளையில் இந்த ஆண்டின் பச்சைக் காயும் முன்பு காய்த்த கருநீலக் கனியும் சேர்ந்தே இருக்கும். இத்தாலியின் டஸ்கனியிலும் பால்கன் மலைகளிலும் இதைப் பெரும்பாலும் காட்டுப் புதர்களிலிருந்தே சேகரிக்கிறார்கள். முள் குத்தும் இலைகளுக்குள் கையை விடாமல், கீழே ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு கிளையைக் குச்சியால் தட்டுவார்கள். பழுத்தவை மட்டும் உதிரும். பச்சைக் காய்கள் அடுத்த பருவத்துக்குக் காத்திருக்கும். ஓர் உருண்டையை நசுக்கி முகர்ந்தால் வரும் பிசின் வாடைக்கு ஆல்ஃபா பைனீன் என்ற சேர்மம் முக்கியக் காரணம்.

ஜூனிப்பர் போட்ட சாராயம் நெதர்லாந்து, பெல்ஜியம் பகுதியில் ஜெனீவர் என்ற பெயரில் பழக்கத்தில் இருந்தது. 1689-ல் டச்சுக்காரரான மூன்றாம் வில்லியம் இங்கிலாந்தின் அரசரானார். பிரெஞ்சு பிராந்திக்குத் தடைகள் வந்தன. உள்ளூர்த் தானியத்தில் யாரும் சாராயம் வடிக்கலாம் என்ற நிலை உருவானது. விளைவு, பதினெட்டாம் நூற்றாண்டின் முதல் பாதியில் லண்டனின் ஏழை மக்கள் மலிவு ஜின்னில் மூழ்கினார்கள். 1729-ல் தொடங்கி 1751 வரை நாடாளுமன்றம் அடுத்தடுத்துச் சட்டங்கள் போட வேண்டியதாயிற்று. ஓவியர் ஹோகார்த் அந்தச் சீரழிவை ‘ஜின் லேன்’ என்ற படமாகச் செதுக்கி வெளியிட்டதும் 1751-ல்தான்.

அக்காலத்து ஜின் கரடுமுரடான சாராயம்; அதன் நாற்றத்தை மறைக்கச் சர்க்கரை சேர்ப்பது வழக்கம். இந்த நிலையை மாற்றியவர் அயர்லாந்தில் சுங்கவரி அதிகாரியாக இருந்த ஈனியாஸ் காஃபி. 1830-ல் அவர் காப்புரிமை பெற்ற தூண் வடிவ வாலை (காய்ச்சி வடிக்கும் கலம்), சாராயத்தை நிறுத்தாமல் தொடர்ச்சியாக வடித்துச் சுத்தமாகத் தந்தது. மறைக்க வேண்டிய நாற்றம் குறைந்ததும் சர்க்கரைக்கும் வேலையில்லாமல் போனது. இனிப்பில்லாத ‘லண்டன் டிரை’ பிறந்தது அப்படித்தான்.

இன்று ‘லண்டன் ஜின்’ என்பது ஊரைக் குறிப்பதல்ல, செய்முறையைக் குறிப்பது. மணப்பொருள்கள் அனைத்தும் இயற்கையான தாவரப் பொருள்களாக இருக்க வேண்டும். சாராயத்தை மறுபடி வடிக்கும்போதே மணம் முழுவதும் சேர்ந்துவிட வேண்டும். வடித்து முடித்தபின் தண்ணீரும் கூடுதல் சாராயமும் சேர்க்கலாம், லிட்டருக்கு 0.1 கிராமுக்கு மேல் இனிப்பு கூடாது. நிறம் கூடவே கூடாது.

ஊறவைத்து வடிப்பது

பழைய வழி, மூலிகைகளைச் சாராயத்துக்குள்ளேயே போட்டுச் செப்பு வாலையில் காய்ச்சுவது. 1769-ல் அலெக்சாண்டர் கார்டன் லண்டனின் சதர்க் பகுதியில் தொடங்கிய கார்டன்ஸ் இந்த வழி வந்தது. ஜூனிப்பர் வாசம் தூக்கலாக, வளைந்து நெளியாமல் நேராக வரும். 1830-ல் சார்லஸ் டாங்கரே லண்டன் ப்ளூம்ஸ்பரியில் தொடங்கிய ஜின்னில் நான்கே பொருள்கள்: ஜூனிப்பர், கொத்தமல்லி விதை, ஏஞ்சலிக்கா வேர், அதிமதுரம். ஒரே சாம்பார்ப் பொடிச் சாமான் வீட்டுக்கு வீடு வேறு மணம் தருவது நமக்குத் தெரியும். இந்த நான்கும் பல ஜின்களில் உள்ளவை என்றாலும் டாங்கரேயின் அளவு அதற்கே உரியது. கொத்தமல்லி விதையின் லினலூல் எலுமிச்சை கலந்த காரமணம் தருகிறது. ஏஞ்சலிக்கா ஈரமண் வாசம். அதிமதுரம் நாக்கில் லேசான வழவழப்பு. 1898-ல் கார்டன்ஸும் டாங்கரேயும் ஒன்றிணைந்தன. இன்று இரண்டும் ஸ்காட்லாந்தின் கேமரன்பிரிட்ஜில் தயாராகின்றன.

லண்டனிலேயே இன்றும் வடிக்கப்படும் பெரிய பெயர் பீஃபீட்டர். மருந்தாளரான ஜேம்ஸ் பரோ 1863-ல் செல்சியில் ஒரு வடிசாலையை வாங்கியதிலிருந்து அதன் வரலாறு தொடங்குகிறது. 1958 முதல் கென்னிங்டனில் இயங்குகிறது. ஒன்பது பொருள்களை 24 மணி நேரம் சாராயத்தில் ஊறப்போட்ட பிறகே அடுப்பு மூட்டுவார்கள். எலுமிச்சைத் தோலும் ஸ்பெயினின் செவில் ஆரஞ்சுத் தோலும் அந்த ஒரு நாளில் எண்ணெயை முழுமையாக விட்டுவிடுகின்றன. பீஃபீட்டரின் ஆரஞ்சு வாசத்துக்கு இந்த ஊறலே காரணம்.

வடியும்போது எல்லா மணமும் ஒன்றாக வருவதில்லை. முதலில் வரும் ‘தலை’ கடுமையானது, ஒதுக்கிவிடுவார்கள். அடுத்து ஆவியாகும் இலேசான எலுமிச்சை, ஆரஞ்சு மணங்கள் வரும். பிறகு ஜூனிப்பரும் கொத்தமல்லியும். கடைசியில் ஏஞ்சலிக்கா, அதிமதுரம் போன்ற வேர்களின் கனத்த வாடை. ‘வால்’ தொடங்கும் நேரம் அறிந்து குழாயை மாற்றிவிட வேண்டும். சில நிமிடம் பிந்தினால் வேக்காட்டு வாடை ஏறிவிடும். வடிப்பாளரின் மூக்குக்குச் சம்பளம் கிடைப்பது இந்த இடத்தில்தான்.

1793 முதல் பிளிமத் நகரின் பிளாக் ஃப்ரையர்ஸ் கட்டடத்தில் வடிக்கப்படும் பிளிமத் ஜின்னில் வேர்களின் பங்கு தூக்கல். அதனால் மண்வாசமும் மென்மையும் கூடும். துறைமுக நகரம் என்பதால் பிரிட்டிஷ் கடற்படையோடு அதற்கு நெருங்கிய உறவு. 57 சதவீத ‘நேவி ஸ்ட்ரெங்த்’ வகையும் இதில் உண்டு. அந்த வீரியத்தில் சாராயம் வெடிமருந்தில் சிந்தினாலும் வெடிமருந்து தீப்பிடிக்கும். அதைவிடத் தண்ணீர் கூடிய சாராயம் வெடிமருந்தை நமுத்துப்போகச் செய்துவிடும்.

ஆவியில் வாங்குவது

1980-களின் பிற்பகுதியில் வந்த பாம்பே சஃபையரில் மூலிகைகள் சாராயத்தைத் தொடுவதே இல்லை. கொதிகலனுக்கு மேலே, ஆவி போகும் வழியில், துளையிட்ட செப்புக் கூடைகளில் அவை காத்திருக்கும். கீழே கொதிப்பது வெறும் சாராயம். அதன் ஆவி கூடைகளுக்குள் நுழைந்து, இலேசில் பறக்கும் எண்ணெய்களை மட்டும் வாரிக்கொண்டு மறுபக்கம் போய்க் குளிர்கிறது. கொதிக்கும் திரவத்தில் வேகாததால் கனத்த வேர் வாடை குறைவு. பூவும் எலுமிச்சையும் முன்னால் நிற்கும். பத்துப் பொருள்களில் அதிமதுரம், கொத்தமல்லி, பாதாம், பட்டை இனமான கேசியா, ஜாவாவின் வால்மிளகு எல்லாம் உண்டு. நாட்டு மருந்துக் கடையில் பாதிப் பட்டியல் கிடைத்துவிடும். ஹாம்ப்ஷயரில் லேவர்ஸ்டோக் ஆலையில் 2014 முதல் இது தயாராகிறது. அந்த ஆலை ஒரு காலத்தில் இங்கிலாந்து வங்கியின் பணத்தாளுக்குக் காகிதம் செய்த இடம். பெயரில் உள்ள நீலக்கல்லுக்கும் நம் பக்கத்தோடு தொடர்பு உண்டு: ‘ஸ்டார் ஆஃப் பாம்பே’ என்ற 182 காரட் நட்சத்திர நீலம், இலங்கையில் தோண்டியெடுக்கப்பட்டது.

வடித்தபின் சேர்ப்பது

சில மணங்கள் சூட்டைத் தாங்காது. வெள்ளரியைக் காய்ச்சினால் அதன் பச்சை வாசம் போய், வெந்த காய்கறி நாற்றம்தான் மிஞ்சும். ஸ்காட்லாந்தின் கர்வனில் 1999-ல் தொடங்கிய ஹென்ட்ரிக்ஸுக்குச் செய்முறை வகுத்த லெஸ்லி கிரேசி, வெள்ளரி, ரோஜா சாறுகளைக் கடைசியில் சேர்த்தார். அதற்கு முன்பே பதினொரு பொருள்களின் ஜின் இரண்டு வகை வாலைகளில் தயாராகிவிடும்: ஒன்றில் ஊறவைத்துக் கனமாக, இன்னொன்றில் ஆவியில் இலேசாக. இரண்டையும் கலந்து, வெள்ளரியும் ரோஜாவும் சேர்த்து முடிப்பார்கள். மணம் பின்னால் சேர்வதால் ஹென்ட்ரிக்ஸ் தன்னை லண்டன் ஜின் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

கனடாவின் எம்ப்ரஸ் 1908 இன்னொரு படி மேலே போனது. வடித்தபின் அதில் சேர்வது நம் வேலியோரத்துச் சங்குப்பூ. ஜின் கருநீலமாகிவிடும். அதில் எலுமிச்சைச் சாறோ புளிப்பான டானிக்கோ ஊற்றினால், கண்ணெதிரே ஊதாவாகி, பிறகு இளஞ்சிவப்பாக வெளுக்கும். பூவிலுள்ள ஆந்தோசயனின் நிறமிகள் அமிலத்தில் வடிவம் மாறுவதே காரணம். சங்குப்பூ ஊறிய வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து இதை எந்தப் பள்ளி ஆய்வகத்திலும் செய்து காட்டலாம்.

ஊர் தரும் மணம்

ஜப்பானின் சன்டோரி நிறுவனம் 2017-ல் வெளியிட்ட ரோகுவில் செர்ரிப் பூ, செர்ரி இலை, இரண்டு வகைப் பச்சைத் தேயிலை, சான்ஷோ மிளகு, யுசு எலுமிச்சை என ஆறு உள்ளூர்ப் பொருள்கள். பூவுக்கு ஏற்ற சூடு மிளகுக்கு ஆகாது. எனவே ஒவ்வொன்றையும் அதற்கேற்ற வாலையில் தனித்தனியே வடித்துப் பிறகு கலக்கிறார்கள். ஜெர்மனியின் கறுப்புக் காட்டில் தயாராகும் மங்கி 47-ல் 47 பொருள்கள், ஆல்கஹாலும் 47 சதவீதம். காட்டில் பறித்த லிங்கன்பெரியின் புளிப்பு அதற்குத் தனி முகம். வடித்த சரக்கைச் சுமார் மூன்று மாதம் மண்கலங்களில் ஆறவைத்த பிறகே புட்டியில் அடைக்கிறார்கள். அத்தனை மணமும் ஒன்றோடொன்று இணங்க அவகாசம் வேண்டும்.

கொழும்பு நம்பர் 7-க்கு அடித்தளம் போட்டது தட்டுப்பாடு. இரண்டாம் உலகப் போரின்போது ஐரோப்பிய மூலிகைகள் இலங்கைக்கு வருவது நின்றது. ஜின் வடிக்க உரிமம் பெற்றிருந்த ராக்லண்ட் நிறுவனத்தார் இலவங்கப்பட்டை, இஞ்சி, கறிவேப்பிலையை வைத்து ஒப்பேற்றினார்கள். அன்று மாற்றாகப் போட்ட அந்த மூன்றும்தான் இன்று அதன் அடையாளம். கோவாவில் தயாராகும் ஹபுசா, ஐரோப்பிய ஜூனிப்பரை விட்டு இமயமலை ஜூனிப்பரைப் பிடித்தது. அதோடு மஞ்சளும் வங்காளத்துக் கந்தராஜ எலுமிச்சையும் சேர்கின்றன.

ஜின்னோடு சேரும் டானிக்குக்கும் ஒரு தமிழ்நாட்டுக் கிளைக்கதை உண்டு. அதன் கசப்பு சின்கோனா மரப்பட்டையின் குயினைன். மலேரியாவுக்கு அது மருந்தாக இருந்ததால், 1860-களில் பிரிட்டிஷ் அரசு தென்னமெரிக்காவிலிருந்து சின்கோனாவைக் கொண்டுவந்து நீலகிரியில் தொட்டபெட்டா, நடுவட்டம் பகுதிகளில் தோட்டம் போட்டது. இன்றைய டானிக்கில் குயினைன் மருந்தாகும் அளவுக்கு இல்லை. ஆனாலும் இருட்டறையில் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தால் டானிக் நீலமாக ஒளிரும். அந்த ஒளி குயினைனுடையது. வேரும் விதையும் சேர்ந்திருப்பதால் ஜின்னும் மருந்தாகிவிடாது. 40 சதவீதச் சாராயம் ஈரலுக்குச் செய்வதை அதிமதுரம் தடுக்காது.

புட்டியில் அச்சிட்ட மூலிகை எண்ணிக்கையைவிட வகையைக் குறிக்கும் சிறிய எழுத்து அதிகம் சொல்லும். ‘லண்டன் டிரை’ என்றிருந்தால் உள்ளிருக்கும் மணம் முழுவதும் வாலையில் பிறந்தது. ‘டிஸ்டில்டு ஜின்’ என்றால் வடித்தபின்னும் ஏதோ சேர்ந்திருக்கலாம். வெறும் ‘ஜின்’ என்று மட்டும் இருந்தால், சாராயத்தில் எசென்ஸைக் கலந்ததாகவும் இருக்கக்கூடும். நான்கு பொருள்களில் டாங்கரே ஏறக்குறைய இரண்டு நூற்றாண்டாகத் தாக்குப்பிடிப்பதும், வெள்ளரிக்காக ஹென்ட்ரிக்ஸ் ‘லண்டன்’ என்ற பெயரையே வேண்டாம் என்று விட்டதும் ஒரே கணக்குத்தான்: எந்த மணத்துக்கு எவ்வளவு சூடு என்று தெரிந்தவரின் ஜின்தான் நிற்கும்.