தோலும் வைட்டமின் டி-யும்

மனித உடலின் மிகப் பெரிய உறுப்பு தோல். அது உடலைப் போர்த்திக் காக்கும் உறை மட்டுமன்று. வைட்டமின் டி என்னும் உயிர்ச்சத்தை உருவாக்கும் இடமுமாகும். கதிரவன் ஒளியிலுள்ள புறஊதா பி கதிர்கள் தோலில் படும்போது, அங்குள்ள கொழுப்புப்பொருள் ஒன்று வைட்டமின் டி-யாக மாறுகிறது. அது கல்லீரலிலும் பின்னர்ச் சிறுநீரகத்திலும் மாற்றமடைந்து, கால்சிட்ரியால் என்னும் செயல்திறன் மிக்க வடிவைப் பெறுகிறது. குடலிலிருந்து கால்சியத்தை உட்கவரச் செய்து எலும்பை உறுதியாக்குவது அதன் முதன்மைப் பணி.

அதன் பணி எலும்போடு முடிவதில்லை. தோல் செல்களிலும் இவ்வுயிர்ச்சத்துக்குரிய ஏற்பிகள் உள்ளன. செல்கள் அளவோடு பெருகவும் முறையாக முதிரவும் அது துணைநிற்கிறது. நோய் எதிர்ப்பு அமைப்பு வரம்பு மீறாமலும் காக்கிறது.

இந்த ஒழுங்கு குலைவதைச் சொரியாசிஸ் எனப்படும் காளாஞ்சகப்படையில் காணலாம். மேல்தோலின் அடியில் தோன்றும் செல், மேலே வந்து உதிர்வதற்கு இயல்பாக ஏறத்தாழ நான்கு வாரங்கள் ஆகும். இந்நோயிலோ சில நாள்களிலேயே அது மேற்பரப்பை அடைந்துவிடுகிறது. முதிராத செல்கள் குவிந்து, சிவந்த தடிப்புகளும் வெண்ணிறச் செதில்களும் உண்டாகின்றன. நோய் எதிர்ப்பு அமைப்பின் பிறழ்வால் விளையும் இந்நோய் தொட்டால் பரவுவதன்று. 2014-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனத்தின் பேரவை நிறைவேற்றிய தீர்மானமும் இதனைத் தொற்றாத, நாள்பட்ட நோய் என்றே குறிக்கிறது.

1985-இல் ஜப்பானிய மருத்துவர்கள் வியப்பிற்குரிய செய்தியொன்றைப் பதிவு செய்தனர். எலும்பு மெலிவுக்காக வைட்டமின் டி வகை மருந்தை உண்டுவந்த ஒருவருக்குச் சொரியாசிஸும் நீங்கியிருந்தது. தொடர்ந்து நடைபெற்ற ஆய்வுகளின் பயனாகக் கால்சிபோட்ரியால் என்னும் மருந்து 1990-களின் தொடக்கத்தில் பயன்பாட்டிற்கு வந்தது. வைட்டமின் டி-யை ஒத்த இம்மருந்து, தோலில் பூசும் களிம்பாக இன்றும் பயன்படுகிறது.

சொரியாசிஸ், வெண்புள்ளி, கரப்பான் முதலிய நோய்கள் உடையோர் பலரின் குருதியில் வைட்டமின் டி குறைந்திருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. எனினும், அக்குறைவே நோய்க்குக் காரணம் என்று உடனே முடிவு கட்டுதல் கூடாது. பிறர் பார்வைக்கு அஞ்சி உடலை மறைத்து, வெளியில் வரத் தயங்குவோர்க்கு வெயில் கிடைப்பதில்லை. எனவே நோயின் விளைவாகவும் அக்குறைவு நேரலாம். மாத்திரையாக உட்கொள்வது எல்லார்க்கும் நோயைத் தணிக்கும் என்றும் உறுதியாகவில்லை. கொழுப்பில் கரையும் இச்சத்து உடலில் தேங்கக்கூடியது. அளவு மிகுந்தால் குருதியில் கால்சியம் பெருகிச் சிறுநீரகம் பாதிக்கப்படும். கடும் வெயிலால் தோல் கன்றினாலும் நோய் மிகலாம். ஆகவே, குருதிப் பரிசோதனைக்குப் பின் மருத்துவர் வகுக்கும் அளவே பின்பற்றத்தக்கது.

மருந்தை அளிப்பது மருத்துவரின் கடமை. தொற்றாத நோயைத் தொற்றுநோயென எண்ணி விலகாதிருப்பது உடன் வாழ்வோர் அனைவரின் கடமை. வகுப்பறையில் அருகமர்ந்து பழகும் நண்பர்கள் இருந்தால், நோயுற்றவர் தம் தோலை மறைத்துக்கொண்டு வீட்டிற்குள் ஒடுங்க வேண்டிய நிலை நேராது.