பி.எம்.டபிள்யூ. ஊரில் ஒரு 'தனிநாடு' கட்சி! சூதாட்ட வழக்கில் சரிந்த கதை

பி.எம்.டபிள்யூ. கார் தெரியாதவர்கள் இருக்க முடியாது. அதன் வட்ட முத்திரையில் இருக்கும் நீலமும் வெள்ளையும் சும்மா அழகுக்காக வைத்த நிறங்கள் இல்லை. அது பவேரியாவின் கொடி நிறம். அந்தப் பெயரில் முதலில் வரும் 'பி' என்ற எழுத்துக்கும் பவேரியா என்றுதான் அர்த்தம்.

ஜெர்மனியில் மொத்தம் 16 மாநிலங்கள். பரப்பளவில் பெரியது தெற்கே இருக்கும் இந்த பவேரியா. தலைநகர் முனிச். சுமார் 1 கோடியே 30 லட்சம் மக்கள். கார் கம்பெனி, பீர் திருவிழா, பேயர்ன் முனிச் கால்பந்து அணி என்று எல்லாமே இங்கே தடபுடல்தான்.

இந்த வசதியான மாநிலத்தில், "ஜெர்மனியே வேண்டாம், நாங்க தனிநாடா போறோம்" என்று சொல்லிக்கொண்டு ஒரு கட்சி இருக்கிறது. பெயர் பவேரியா கட்சி. துப்பாக்கி, குண்டு, தலைமறைவு எதுவும் கிடையாது. ஓட்டுச் சீட்டில் மற்ற கட்சிகளோடு சேர்ந்து அதன் பெயரும் அச்சாகி வரும். ஓட்டுதான் வராது.

ஒரு காலத்தில் நிலைமையே வேறு. 5 பேரில் ஒருவர் இந்தக் கட்சிக்கு ஓட்டுப் போட்டார்கள். துணை முதல்வர் பதவி, உள்துறை எல்லாம் இந்தக் கட்சியிடம் இருந்தது. அப்புறம் எப்படி இந்தக் கதி? இதில் போலீசுக்கோ ராணுவத்துக்கோ வேலையே இல்லை. சூதாட்ட விடுதி லைசென்சும், விசாரணைக் கமிட்டி முன்னால் செய்த சத்தியமும்தான் வில்லன்கள்.

பீர் வரி கூட தனி

முதலில் பவேரியாக்காரர்களுக்கு ஏன் இந்தத் தனி வீம்பு என்று பார்க்க வேண்டும்.

1806-ல் இருந்து பவேரியா ஒரு தனி ராஜ்ஜியம். பிரஷ்யாவின் பிஸ்மார்க் எல்லாரையும் சேர்த்து ஒரே ஜெர்மன் பேரரசு அமைத்தபோது, பவேரியா அரை மனதாகத்தான் போய்ச் சேர்ந்தது. 1871 ஜனவரியில் முனிச் சபையில் ஓட்டெடுப்பு. தேவைப்பட்டது மூன்றில் இரண்டு பங்கு. ஆதரவு 102, எதிர்ப்பு 48. வெறும் 2 ஓட்டுதான் கூடுதல்.

அப்போது மன்னராக இருந்தவர் இரண்டாம் லுட்விக். கோட்டை மேல் கோட்டையாகக் கட்டி சொந்தப் பணத்தைக் கரைத்தவர். பிரஷ்ய மன்னரைப் பேரரசராக ஏற்று அவர் கடிதம் எழுத, பிஸ்மார்க் தரப்பில் இருந்து ரகசியமாகப் பணம் போனது. இதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி வயிறெரிகிறவர்கள் அங்கே உண்டு.

சேர்ந்த பிறகும் பவேரியாவுக்கு ஏகப்பட்ட சலுகை. சமாதான காலத்தில் சொந்தப் படை, சொந்த ரயில், சொந்தத் தபால். பீர் மீது போடும் வரி கூட பெர்லினுக்குப் போகாது!

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பவேரியா அமெரிக்க ராணுவத்தின் பிடியில் வந்தது. 1946-ல் எழுதிய பவேரிய அரசியல் சட்டத்தின் 178-வது பிரிவில், இனி அமையப்போகும் ஜெர்மனி, மாநிலங்கள் தாங்களாக விரும்பிச் சேர்வதாக இருக்க வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். 'விரும்பிச் சேர்ந்தால் விரும்பிப் பிரியலாம்தானே' என்பதுதான் தனிநாடு கேட்பவர்களின் பிடி.

1949-ல் ஜெர்மனியின் புதிய அரசியல் சட்டம் ஓட்டுக்கு வந்தது. விடிய விடிய விவாதம். மே 20-ந்தேதி பவேரிய சட்டசபையில் 101 பேர் 'வேண்டாம்' என்று ஓட்டுப் போட, அது தோற்றது. மாநிலங்களில் பவேரியா மட்டும்தான் இப்படி நிராகரித்தது. ஆனால் கையோடு இன்னொரு தீர்மானமும் போட்டார்கள். மற்ற மாநிலங்களில் மூன்றில் இரண்டு பங்கு ஏற்றுக்கொண்டால் நாங்களும் கட்டுப்படுகிறோம் என்று! முறைத்துக்கொண்டே பந்தியில் உட்கார்ந்த கதைதான்.

போலீஸ்காரர் தொடங்கிய கட்சி

பவேரியா கட்சி 1946 அக்டோபரில் முனிச்சில் பிறந்தது. தொடங்கியவர்களில் முக்கியமானவர் லுட்விக் லாலிங்கர் என்ற போலீஸ் அதிகாரி. அப்போது அமெரிக்கர்கள் லைசென்ஸ் கொடுத்தால்தான் கட்சி நடத்த முடியும். மாநிலம் முழுக்க இயங்க அனுமதி கிடைத்தது 1948 மார்ச்சில்தான்.

அதற்குள் ஒரு பெரிய புள்ளி வந்து சேர்ந்திருந்தார். ஜோசப் பாம்கார்ட்னர். மாநில விவசாய மந்திரியாக இருந்தவர். பெரிய கட்சியான சி.எஸ்.யு.வை உருவாக்கியவர்களில் ஒருவர். 1948 ஜனவரியில் அங்கிருந்து விலகி இங்கே வந்தார். பேச்சில் கெட்டிக்காரர். கிராமத்துக் கூட்டங்களில் அவருக்கு விசில் பறக்கும்.

கட்சி வளர இன்னொரு காரணமும் இருந்தது. போர் முடிந்ததும் கிழக்கே இருந்து விரட்டப்பட்ட ஜெர்மானியர்கள் ஏறக்குறைய 20 லட்சம் பேர் பவேரியாவில் வந்து குவிந்தார்கள். வீடு இல்லை, ரொட்டிக்கு ரேஷன். இருக்கிற ஊர்க்காரனுக்கே போதாதபோது வெளியாள் வேறா என்று கடுப்பு. அந்தக் கடுப்பைக் கட்சி நன்றாகவே அறுவடை செய்தது. அகதிகளாக வந்தவர்களும் வீடு வாசல் இழந்து வந்தவர்கள்தான் என்பதைக் கட்சி அப்போது பெரிதாகப் பேசவில்லை.

1949 பாராளுமன்றத் தேர்தலில் பவேரியாவில் மட்டும் 20.9 சதவீதம் ஓட்டு. 17 எம்.பி.க்கள். அடுத்த வருடம் சட்டசபைத் தேர்தலில் 17.9 சதவீதம், 39 இடங்கள். 1946-ல் 52 சதவீதம் வாங்கியிருந்த சி.எஸ்.யு. 27 சதவீதத்துக்கு இறங்கிப் போனது. இரண்டு கட்சிக்கும் ஒரே கிராமம், ஒரே சர்ச், ஒரே விவசாயி ஓட்டு. பங்காளிச் சண்டை ஆரம்பம்.

முதல் அடி டெல்லி பாணியில் விழுந்தது என்று சொல்லலாம். அதாவது தலைநகரில் சட்டத்தை மாற்றினார்கள். 1949-ல் ஏதாவது ஒரு மாநிலத்தில் 5 சதவீதம் வாங்கினால் பாராளுமன்றத்துக்குப் போகலாம் என்று இருந்தது. 1953-ல் நாடு முழுக்கக் கணக்கெடுத்து 5 சதவீதம் வேண்டும் என்று ஆக்கினார்கள். இல்லாவிட்டால் ஒரு தொகுதியையாவது நேரடியாக ஜெயிக்க வேண்டும். ஒரே மாநிலத்தில் நிற்கும் கட்சி நாடு முழுக்க 5 சதவீதத்துக்கு எங்கே போகும்? அந்தத் தேர்தலில் பவேரியாவில் 9.2 சதவீதம் வாங்கியும் ஒரு எம்.பி. கூட இல்லை.

லைசென்ஸ் கொடுத்தார், மாட்டிக்கொண்டார்

ஆனாலும் 1954-ல் ஜாக்பாட் அடித்தது. சட்டசபைத் தேர்தலில் சி.எஸ்.யு. அதிக இடம் பிடித்தும், அதை வெளியே உட்கார வைத்துவிட்டு 4 கட்சிகள் கூட்டணி போட்டு ஆட்சி அமைத்தன. சோஷலிஸ்ட் தலைவர் வில்ஹெல்ம் ஹோக்னர் முதல்வர். பாம்கார்ட்னர் துணை முதல்வர். அவருடைய கட்சியின் ஆகஸ்ட் கைஸ்ல்ஹோரிங்கர் உள்துறை மந்திரி. இதில் வேடிக்கை, அகதிகளுக்காக இருந்த கட்சியும் அதே கூட்டணியில் இருந்தது. பதவி என்று வந்தால் பழைய பகை எல்லாம் காற்றோடு போய்விடும் போல.

பெரிய கட்சியை வெளியே வைத்தால் சும்மா இருக்குமா? ஓட்டை தேடியது. கிடைத்தது சூதாட்ட விடுதி.

1955-ல் பாட் கிஸ்ஸிங்கன், பாட் ரெய்க்கென்ஹால், கார்மிஷ் போன்ற சுற்றுலா ஊர்களில் சூதாட்ட விடுதி நடத்த உள்துறை லைசென்ஸ் கொடுத்தது. லைசென்ஸ் வாங்கியவர்களிடம் இருந்து கட்சிக்குப் பணம் போனதாகக் கிசுகிசு கிளம்பியது. சி.எஸ்.யு. சட்டசபையில் விசாரணைக் கமிட்டி கேட்டது. கமிட்டி முன்னால் மந்திரிகள் சத்தியம் செய்து சாட்சி சொன்னார்கள். கார்ல் பிரைசேனர் என்ற சூதாட்டத் தொழில் புள்ளியோடு தங்களுக்கு நெருக்கம் எதுவும் இல்லை என்றார்கள். அத்தோடு விஷயம் அமுங்கியது போலத் தெரிந்தது.

1957-ல் பாராளுமன்றத் தேர்தலில் சி.எஸ்.யு. பவேரியாவை வாரிச் சுருட்டியது. பயந்துபோன கூட்டணிக் கட்சிகள் கழன்றுகொள்ள, ஹோக்னர் ஆட்சி கவிழ்ந்தது. சி.எஸ்.யு.வின் ஹான்ஸ் சைடல் முதல்வரானார். அன்று பிடித்த முதல்வர் நாற்காலியை அந்தக் கட்சி இன்று வரை விடவில்லை.

பதவியும் போய் பாதுகாப்பும் இல்லாத நேரத்தில், 1959-ல் பிரைசேனர் தன் மீது தானே புகார் கொடுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டினார். பழைய சாட்சியங்கள் தூசி தட்டி எடுக்கப்பட்டன. 1959 ஆகஸ்ட் மாதம் முனிச் கோர்ட்டில் தீர்ப்பு. பாம்கார்ட்னருக்கு 2 வருடம் கடுங்காவல். கைஸ்ல்ஹோரிங்கருக்கு 15 மாதம் ஜெயில். கவனிக்க வேண்டியது, தண்டனை லஞ்சத்துக்காக அல்ல. பொய் சத்தியத்துக்காக. 'அவரைத் தெரியும், பேசியிருக்கிறோம்' என்று உண்மையைச் சொல்லியிருந்தால் இந்த வழக்குக்கே இடம் இருந்திருக்காது.

மாநிலத்தையே அதிர வைத்த தீர்ப்பு அது. நேற்று வரை துணை முதல்வர், இன்று குற்றவாளி. பாம்கார்ட்னர் அதன் பிறகு எழுந்திருக்கவே இல்லை. உடம்பு கெட்டு, 1964 ஜனவரியில் முனிச்சில் காலமானார்.

எதிர்த்தரப்பிலும் ஒருவர் மாட்டினார். சி.எஸ்.யு. பொதுச்செயலாளர் பிரிட்ரிச் சிம்மர்மான். அதே விவகாரத்தில் அவரும் சத்தியம் செய்து தவறாகச் சொன்னதாக 1960-ல் 4 மாத தண்டனை. மறு வருடம் மேல்முறையீட்டில் விடுதலை. சாட்சி சொன்ன நேரத்தில் ரத்தத்தில் சர்க்கரை குறைந்து அவருக்கு யோசிக்க முடியாமல் இருந்திருக்கலாம் என்று மருத்துவ அறிக்கை காப்பாற்றியது. பின்னாளில் அதே சிம்மர்மான் 1982 முதல் 1989 வரை மேற்கு ஜெர்மனியின் மத்திய மந்திரி. வகித்ததும் உள்துறைதான்!

கொடியையும் கொண்டு போனார்கள்

கட்சி தேய்ந்த வேகத்தை ஓட்டுக் கணக்கே சொல்லும். 1954-ல் 13.2 சதவீதம். 1958-ல் 8.1. 1962-ல் 4.8. அதில் கிடைத்த 8 இடங்களை வைத்துக்கொண்டு அதே சி.எஸ்.யு.வுடன் கூட்டணி சேர்ந்தார்கள். அணைத்தே கரைத்துவிட்டார்கள். 1966-ல் 3.4 சதவீதம், சட்டசபையில் பூஜ்யம். அதற்குப் பிறகு ஒரு எம்.எல்.ஏ. கூட கிடையாது.

சி.எஸ்.யு. செய்தது இன்னும் சாமர்த்தியமான வேலை. நீலம் வெள்ளைக் கொடி, தோல் டவுசர், கிராமத்து பேண்டு வாத்தியம், பெர்லினைத் திட்டுவது என்று பவேரியா கட்சியின் சரக்கு மொத்தத்தையும் எடுத்துக்கொண்டது. ஒன்றை மட்டும் விட்டுவிட்டது. தனிநாடு. அதற்குப் பதிலாக மத்தியில் மந்திரி பதவி வாங்கிக் கொடுத்தது. விவசாயிக்கு எது லாபம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

கோர்ட் வைத்த பூட்டு

2016 டிசம்பர் 16-ந்தேதி ஜெர்மனியின் அரசியல் சாசன கோர்ட்டில் ஒரு மனு முடிவுக்கு வந்தது. பவேரியா பிரிவது பற்றி பொது ஓட்டெடுப்பு நடத்த விடவில்லை என்று சாதாரண குடிமகன் ஒருவர் போட்ட மனு. சில வரிகளிலேயே தள்ளுபடி. நாட்டின் அரசியல் சட்டத்துக்கு மாநிலங்கள் எஜமானர்கள் இல்லை, தனியாகப் பிரிவதற்கு அதில் இடமே இல்லை என்று நீதிபதிகள் எழுதினார்கள். பெரிய பெஞ்ச் கூட உட்காரவில்லை. 3 நீதிபதிகளே முடித்துவிட்டார்கள்.

அதற்காகக் கட்சிக்குத் தடை இல்லை. தனிநாடு கேட்டுப் பேசலாம், ஊர்வலம் போகலாம், தேர்தலில் நிற்கலாம். ஒரு மாநிலம் தானாகக் கதவைத் திறந்துகொண்டு போக முடியாது, அவ்வளவுதான்.

இன்றைக்கு இந்தக் கட்சியின் பெரிய ஆயுதம் பணக் கணக்கு. ஜெர்மனியில் பணக்கார மாநிலங்கள் ஏழை மாநிலங்களுக்குப் பங்கு தர வேண்டும். இதில் அதிகம் கொடுப்பது பவேரியாதான். 2023-ல் மட்டும் 900 கோடி யூரோவுக்கு மேல். "நாம சம்பாதிக்கிறோம், பெர்லின் செலவு பண்ணுது" என்ற பேச்சு டீக்கடையில், மன்னிக்கவும், பீர்க்கடையில் நன்றாகவே எடுபடும். ஆனால் 1986 வரை பவேரியாவே கை நீட்டி வாங்கிய மாநிலம் என்பதைப் பேசுகிறவர்கள் குறைவு. இந்த விவகாரத்தையும் சி.எஸ்.யு. அரசு விட்டு வைக்கவில்லை. 2023-ல் அரசியல் சாசன கோர்ட்டில் வழக்குப் போட்டு, அதையும் தன் கணக்கில் சேர்த்துக்கொண்டது.

2017-ல் எடுத்த ஒரு கருத்துக் கணிப்பில் பவேரியர்களில் சுமார் மூன்றில் ஒருவர் தனிநாடு நல்லது என்றார்கள். அடுத்த வருடம் சட்டசபைத் தேர்தலில் தனிநாடு கட்சிக்கு விழுந்தது 1.7 சதவீதம். கருத்துக் கணிப்பில் 'ஆமாம்' சொல்லக் காசு செலவில்லை. பாஸ்போர்ட், பென்ஷன், யூரோ, ஐரோப்பிய யூனியன் என்று யோசித்தால் ஓட்டுச் சீட்டில் பேனா வேறு பக்கம் போய்விடுகிறது. பெரிய கட்சி மீது கோபம் வந்தவர்களுக்கும் 'சுதந்திர வாக்காளர்கள்' என்ற இன்னொரு கட்சி கிடைத்துவிட்டது. 2018 முதல் அவர்கள்தான் சி.எஸ்.யு.வின் கூட்டணிக் கட்சி.

2023 அக்டோபர் சட்டசபைத் தேர்தலில் பவேரியா கட்சி வாங்கியது 0.9 சதவீதம். இதில் ஓட்டோடு பணமும் போனது. ஜெர்மனியில் கட்சிகளுக்கு அரசே பணம் கொடுக்கும். மாநிலத் தேர்தல் என்றால் குறைந்தது 1 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். மத்தியிலோ ஐரோப்பியத் தேர்தலிலோ அரை சதவீதம் போதும். அங்கேயும் இவர்களுக்கு அவ்வளவு விழுவதில்லை. 0.1 சதவீதத்தில் உதவித்தொகை கைநழுவியது. யாரிடம் இருந்து பிரியக் கேட்கிறார்களோ, அவர்கள் கொடுத்த பணத்தில்தான் அதுவரை போஸ்டர் ஒட்டினார்கள். அடுத்த சட்டசபைத் தேர்தல் 2028-ல்.