நேர்த்திக்கடனும் நீரிழிவும்

தைப்பூச நன்னாளில் பத்துமலையின் 272 படிகளையும் வெறுங்காலுடன் ஏறி நேர்த்திக்கடன் செலுத்தும் அடியார்களுள் நீரிழிவு அன்பர்களும் உளர். மலேசியாவில் 2019ஆம் ஆண்டு ஆய்வின்படி, பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருந்தது.

நீண்டகால நீரிழிவு பாத நரம்புகளின் உணர்ச்சியை மழுங்கச் செய்யும். சுடுதரையில் எழும் கொப்புளமும் வலி தோன்றாமலே ஆறாப் புண்ணாகலாம். எனவே மருத்துவரின் இசைவு பெற்றே வெறுங்கால் நடையை மேற்கொள்ளுதல் நலம். இல்லம் திரும்பியதும் பாதங்களைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் கூர்ந்து பார்த்தல் வேண்டும்.

இன்சுலின் போடுவோர் உண்ணாநோன்பிருந்தால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து நடுக்கம், வியர்வை, மயக்கம் நேரக்கூடும். அவ்வேளையில் நோன்பை நிறுத்தி உடனே இனிப்புப் பானம் அருந்துவதே முறை. விரதத்திற்கு முன்பே மருந்தின் அளவை மருத்துவரிடம் கேட்டறிக. வாழைப்பழமும் சர்க்கரையும் தேனும் கலந்த பஞ்சாமிர்தம் ஒரு சிறு கரண்டியே போதும். முருகன் தந்த உடலைப் பேணுதலும் வழிபாடேயாம்.